மார்க் ஷீட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டோம்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில், படப்பைப் பகுதிக் குழு ஒன்றின் சார்பில் அதன் ஊக்குநர் பேசியது. உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டபடி அந்தப் பேச்சை இங்கே தருகிறோம்.)



வழக்கமாக இந்த மேடையில் ஏறினால் சேமிப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு, திருப்பிக் கட்டியது எவ்வளவு என்றுதான் சொல்வோம். அந்தக் கணக்கையெல்லாம் செயலாளர் அக்கா வாசித்துவிட்டார்கள். இன்றைக்கு நாங்கள் சொல்ல வந்தது வேறு கணக்கு, ஒரு கல்லூரிப் பிள்ளையின் மார்க் கணக்கு. பேசுவது ஒரு வாய்தான். ஆனால் என்ன பேச வேண்டும் என்பதை எங்கள் குழுவில் பன்னிரண்டு பேரும் உட்கார்ந்து முடிவு செய்தோம். அந்தப் பிள்ளையிடமும் அவள் அம்மாவிடமும் கேட்டுக்கொண்டுதான் பேசுகிறோம். பேர் மட்டும் வேண்டாம் என்றார்கள், அதனால் சொல்லவில்லை.

எங்கள் குழுவில் ஒரு உறுப்பினர். வீட்டுக்காரர் இல்லை. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி கேண்டீனில் பாத்திரம் கழுவுகிற வேலை. காலை ஷிப்ட் என்றால் விடிவதற்கு முன்னாடியே கிளம்பிவிடுவார். மூத்தது பெண், இளையது பையன். பெண் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பன்னிரண்டாவது முடித்து, 2022-ல் பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்தாள். சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். சேர்க்கைக்குக் குழுவில் உள்கடன் பத்தாயிரம் கொடுத்தோம். அந்த வருஷம் செப்டம்பர் 5-ந்தேதி தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்கில் விழுந்தது. பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் அது ஆச்சு.

முதல் செமஸ்டர் முடிந்து ரிசல்ட் வந்தது. அந்த வாரக் கூட்டத்துக்கு அம்மா தாமதமாக வந்தார். சேமிப்புப் பணத்தை வைத்தார். பக்கத்தில் ஒரு காகிதத்தையும் வைத்தார்.

"அக்கா, படிப்பு அவளுக்கு வரல. இத பாருங்க. ஒரு எடத்துல டி போட்டிருக்கான். ஒரு எடத்துல சி. ரெண்டு எடத்துல யூ. தேடிப் பாத்தாலும் ஒரு ஏ கூட இல்ல. கம்பெனியில பொண்ணுங்கள எடுக்கிறாங்களாம். பதினஞ்சாயிரம் வரும்னு சொல்றாங்க. திங்கக்கிழமை பஸ்ஸுல ஏத்தி விட்டுடறேன். உங்க கடனையும் சீக்கிரம் கட்டிடறேன்."

சகோதரிகளே, உண்மையைச் சொல்ல வேண்டும். எங்களில் பாதிப் பேர் "அதுவும் சரிதான்" என்று தலையாட்டினோம். நம் ஊர் நிலைமை உங்களுக்குத் தெரியும். வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் போய் நின்றால் விடிகாலையில் வரிசையாகக் கம்பெனி பஸ் வரும். பதினெட்டு வயசு ஆகிவிட்டால் போதும், பிள்ளையை ஏற்றிக்கொள்ள அந்த பஸ் தயாராக நிற்கிறது. கல்லூரி பஸ்ஸுக்கு நாம் காசு கட்ட வேண்டும், கம்பெனி பஸ்ஸில் போனால் காசு வீட்டுக்கு வரும். கையில் மோசமான மார்க் ஷீட்டும் இருந்தால் எந்தத் தாய்தான் யோசிக்க மாட்டாள்?

கம்பெனி வேலையை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. நம்மில் பல வீட்டு அடுப்பு அந்தச் சம்பளத்தில்தான் எரிகிறது. ஆனால் ஒன்று. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கம்பெனி 2006-ல் போன் செய்ய ஆரம்பித்தபோது எவ்வளவு சந்தோஷப்பட்டோம்! ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் அங்கே வேலை பார்த்தார்கள். 2014 நவம்பர் 1-ந்தேதி அந்த ஆலையில் உற்பத்தி நின்றது. எட்டு வருஷம் வேலை பார்த்த கை, அடுத்து எங்கே போவது என்று நின்றது. கம்பெனி வரும், போகும். முடித்து வைத்த படிப்பை யாரும் மூட முடியாது. அன்றைக்குக் கூட்டத்தில் ஒருவர் இதைச் சொன்னார். அதுவும் அந்த அம்மாவை அசைக்கவில்லை. "படிப்பு வந்தாத்தானே அக்கா முடிக்கிறதுக்கு?" என்றார்.

அப்போது எங்கள் குழுவிலேயே வயதான உறுப்பினர், நாங்கள் ஆயா என்று கூப்பிடுவோம், ஒரு கேள்வி கேட்டார்.

"ஏண்டி, நம்ம குழுவுக்கு மொத கிரேடிங் வந்தப்ப என்ன ஆச்சு? மறந்துட்டீங்களா?"

எல்லோரும் சிரித்துவிட்டோம். புதிதாகக் குழுவில் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறோம். அந்தக் காலத்தில் குழு ஆரம்பித்து ஆறு மாதம் ஆனதும் தர மதிப்பீடு செய்ய வருவார்கள். தேறினால்தான் சுழல்நிதி. கூட்டம் ஒழுங்காக நடந்ததா, எத்தனை பேர் வந்தார்கள், சேமிப்பு தவறாமல் கட்டினார்களா, உள்கடன் கொடுத்தார்களா, திரும்ப வந்ததா, புத்தகங்கள் எழுதியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து மார்க் போடுவார்கள். எங்கள் குழு தேறவில்லை. பணத்தில் ஒரு பைசா குறையில்லை. கணக்கு எழுதிக்கொண்டிருந்த பெண்ணுக்குக் கல்யாணம் ஆகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். மூன்று மாதமாகத் தீர்மானப் புத்தகமும் பேரேடும் எழுதாமல் கிடந்தது. அதற்குத்தான் மார்க் போச்சு.

"அன்னிக்கு வந்தவங்க, 'உங்களுக்குக் குழு வராது, கலைச்சிட்டுப் போங்க'ன்னா சொன்னாங்க?" என்று ஆயா கேட்டார். "எதுல போச்சுன்னு காட்டினாங்க. எழுதினோம். மறுபடி வந்து பாத்தாங்க. தேறினோம். இந்தப் பொண்ணுக்கு எதுல போச்சுன்னு யாராவது கேட்டீங்களா?"

நாங்கள் யாரும் கேட்கவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னோம்.

பிள்ளை வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. ஆயா பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "மார்க்கப் படிடி. ஒவ்வொரு வரியா படி. எங்களுக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றார்.

முதல் வரி, தமிழ். டி பிளஸ். அம்மா உடனே, "பாருங்க, டி" என்றார். பிள்ளை நிமிர்ந்து பார்த்து, "அம்மா, டி பிளஸ்னா எண்பதுக்கு மேல. நான்தான் சொன்னேனே, நீ கேக்கல" என்றாள்.

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சகோதரிகளே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சென்னைப் பல்கலைக்கழகக் கணக்கில் எங்கள் பிள்ளைக்கு வந்த மார்க் ஷீட் இப்படித்தான் இருந்தது. தொண்ணூறும் அதற்கு மேலும் வாங்கினால் ஓ. எண்பதிலிருந்து எண்பத்தொன்பது வரை டி பிளஸ். எழுபத்தைந்திலிருந்து எழுபத்தொன்பது வரை டி. இந்த டி-யைத் தனிச்சிறப்பு என்று புரிந்துகொள்ளுங்கள், நாலாம் தரம் என்று எண்ணிவிடாதீர்கள். அதற்குக் கீழேதான் ஏ பிளஸ், எழுபது முதல் எழுபத்துநாலு. பிறகு ஏ, அறுபதுகள். பி, ஐம்பதுகள். சி, நாற்பதுகள். நாற்பதுக்குக் கீழே போனால் யூ. யூ என்றால் மறுபடி எழுத வேண்டும். ஏ-தான் உசத்தி, டி மட்டம் என்று நாம் ரேஷன் அரிசி பார்ப்பது மாதிரி பார்த்தால், கெட்டிக்காரப் பிள்ளையைத்தான் திட்டிக்கொண்டிருப்போம். எல்லா இடத்திலும் இதே கணக்கு இல்லை. பொறியியல் படிக்கிற பிள்ளைகளுக்கு அண்ணா பல்கலைக்கழகத்தில் ஓ, ஏ பிளஸ், ஏ, பி பிளஸ், பி, சி என்று இறங்கும், டி கிடையாது. அதனால் மார்க் ஷீட் வந்ததும், எந்த எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று பிள்ளையையே கேளுங்கள்.

அடுத்த வரி ஆங்கிலம். சி. சரி, தேறியாச்சு.

அடுத்தது இயற்பியல் மெயின் பேப்பர். கல்லூரி போடுகிற உள்மதிப்பெண் இருபத்தைந்துக்குப் பதினேழு. பல்கலைக்கழகத் தேர்வில் எழுபத்தைந்துக்கு இருபத்துநாலு. கூட்டினால் நாற்பத்தொன்று. "நாப்பதுதானே பாஸு? அப்புறம் ஏன் யூ?" என்று நாங்கள் கேட்டோம். பரீட்சையில் மட்டும் தனியாக எழுபத்தைந்துக்கு முப்பது வாங்க வேண்டுமாம். ஆறு மார்க் குறைவு. படிப்பே வராத பிள்ளையா அது? ஆறு மார்க் குறைந்த பிள்ளை!

அடுத்தது துணைப் பாடமான கணக்கு. எழுபத்தைந்துக்குப் பத்தொன்பது. யூ. இதில் நிஜமாகவே பெரிய ஓட்டை.

"ஏன்மா?" என்று கேட்டோம். அப்போது அவள் சொன்னதைத்தான் முக்கியமாக இங்கே சொல்ல வந்தோம்.

முதல் காரணம், மொழி. "பள்ளிக்கூடத்துல பரப்பு இழுவிசைன்னு படிச்சேன் பெரியம்மா. இங்க சர்ஃபேஸ் டென்ஷன்னு சொல்றாங்க. மீட்சித்தன்மைய எலாஸ்டிசிட்டிங்கிறாங்க. பாகுநிலைய விஸ்காசிட்டிங்கிறாங்க. எனக்கு விஷயம் தெரியும், பேருதான் தெரியாது. சார் நடத்தறப்ப அந்தப் பேரு என்னன்னு நான் யோசிக்கறதுக்குள்ள அவர் அடுத்த பக்கம் போயிடுவார். எழுந்து கேட்டா எல்லாரும் சிரிப்பாங்களோன்னு கேக்கல."

எங்களில் ஒருவருக்குச் சந்தேகம், இந்தப் பிள்ளைக்கு நிஜமாகவே விஷயம் தெரியுமா என்று. "அது என்னா பரப்பு இழுவிசை, எங்களுக்குச் சொல்லு பாப்போம்" என்றார். பிள்ளை ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். தையல் ஊசி ஒன்றை எடுத்து மெதுவாகத் தண்ணீர் மேல் படுக்க வைத்தாள். இரும்பு ஊசி, மிதந்தது! தண்ணீரின் மேல்பரப்பு ஒரு மெல்லிய தோல் மாதிரி இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதுதான் தாங்குகிறது என்றாள். பிறகு ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டைக் கிள்ளி ஒரு சொட்டு விட்டாள். ஊசி மூழ்கிவிட்டது. சோப்புப் பட்டால் அந்த இழுப்பு குறைந்துவிடும், அதனால்தான் சோப்புத் தண்ணீர் துணிக்குள் சுலபமாக நுழைந்து அழுக்கை எடுக்கிறது என்று சொன்னாள். நாற்பது வருஷமாகத் துணி துவைக்கிறோம், இன்றைக்குத்தான் தெரிகிறது என்று ஆயா வாயைப் பிளந்தார். வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் தண்ணீர் மாதிரி ஓடுகிறதே, அது சூட்டில் பாகுநிலை குறைவதால் என்றாள். ரப்பரை விட இரும்புக்குத்தான் மீட்சித்தன்மை அதிகம் என்றாள், அதை மட்டும் நாங்கள் நம்பவில்லை. அதற்கும் விளக்கம் சொன்னாள். ஒரே அளவு நீட்ட வேண்டுமானால் இரும்புக்குத்தான் மிக அதிக விசை வேண்டும், அந்த அளவுக்கு அது தன் பழைய உருவத்துக்குத் திரும்பப் பார்க்கிறது என்று.

அதே பிள்ளைக்குத்தான் அந்தப் பாடத்தில் யூ. அவள் அம்மா அப்போது ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது காரணம், கொரோனா. இவள் பத்தாவது படித்த 2020-ல் பொதுத்தேர்வு நடக்காமல் எல்லோரும் தேர்ச்சி என்று அறிவித்தார்கள். பதினொன்றாவது முழுக்கப் பெரும்பாலும் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது, அந்த வருஷமும் எல்லோரும் தேர்ச்சி. வீட்டில் இருந்தது ஒரே போன், அதுவும் அம்மாவோடு வேலைக்குப் போய்விடும். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் பார்த்தாள். டி.வி.யில் பாடம் கேட்கலாம், சோதனைக்கூடத்தில் கருவியைத் தொட முடியுமா? கல்லூரிக்குப் போனபோதுதான் திருகு அளவியைச் சரியாகக் கையில் பிடித்தாள். அந்த வருஷப் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு அடித்தளமே இப்படிப் பாதியில் நின்றது. அது அவர்கள் குற்றமா?

மூன்றாவது காரணம். இதை அவள் சொல்லத் தயங்கினாள். அம்மா முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். நாங்கள் விடவில்லை.

"கணக்கு வகுப்பு வாரத்துல நாலு நாள் மொத பீரியட்ல வருது. நான் போறப்ப அது முடிஞ்சிருக்கும்."

ஏன் முடிந்திருக்கும்? அம்மா விடிகாலையில் வேலைக்குப் போய்விடுகிறார். தண்ணீர் பிடித்து, சோறாக்கி, தம்பியைக் குளிப்பாட்டி, அவனைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டுத்தான் இவள் பஸ் ஏறுகிறாள். அந்த நேரத்துக்குச் சாலையில் கம்பெனி வண்டியும் லாரியும் நெரிசல். முக்கால்வாசி நாள் முதல் பீரியட் போய்விடும். வகுப்பில் உட்காராமல் கணக்கு எப்படி வரும்?

சகோதரிகளே, அன்றைக்குக் கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்த யூ-வை அவள் தனியாக வாங்கவில்லை. பாதியை நாம்தான் வீட்டில் வைத்துப் போட்டிருக்கிறோம். பையனாக இருந்தால், காலையில் தண்ணீர் பிடித்து, சோறாக்கிவிட்டுப் போ என்று சொல்லியிருப்போமா? அம்மா மேலும் குற்றமில்லை, அவர் வேலைக்குப் போகாவிட்டால் உலை வைக்க முடியாது. ஆனால் பக்கத்துத் தெருவிலேயே பதினோரு பேர் இருந்தோமே, எங்களுக்கு ஏன் தெரியவில்லை? கடன் தவணை ஒரு வாரம் தவறினால் வீட்டு வாசலுக்கே போய் நிற்கிறோம். கடன் வாங்கிச் சேர்த்த பிள்ளை வகுப்புக்குப் போகிறாளா என்று ஒரு நாள் போய்க் கேட்டோமா?

அன்றைக்கே தீர்மானப் புத்தகத்தில் எழுதினோம். ஒன்று, பிள்ளை படிப்பை நிறுத்துவதில்லை. இரண்டு, தம்பியைப் பள்ளிக்கூடத்தில் விடுவது பக்கத்து வீட்டு உறுப்பினர் பொறுப்பு. அவர் பேரனும் அதே பள்ளிக்கூடம்தான். மூன்று, சமையலை அம்மா முந்தின ராத்திரியே பாதி முடித்து வைப்பது. நான்கு, கடன் தவணையைப் பாதியாகக் குறைத்து, மாதத்தை நீட்டிக் கொடுப்பது. ஐந்து, அரியர் தேர்வுக் கட்டணம் குழு கொடுப்பது. அரியர் இருந்தாலும் அடுத்த செமஸ்டர் படிக்கலாம், வீட்டில் உட்கார வேண்டியதில்லை என்பதும் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

பிள்ளையும் ஒரு வேலை செய்தாள். நம் வரவு செலவு நோட்டு மாதிரி ஒரு நோட்டில் நடுவில் கோடு போட்டாள். இந்தப் பக்கம் வகுப்பில் கேட்ட ஆங்கிலப் பேர், அந்தப் பக்கம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் உள்ள தமிழ்ப் பேர். தினமும் பத்து வார்த்தை. புரியாததை வகுப்பு முடிந்ததும் மேடத்திடம் போய்க் கேட்டாள். "இத்தனை நாள் ஏன் கேக்கல?" என்றாராம் மேடம். யாரும் சிரிக்கவில்லையாம். அந்த நோட்டைப் பார்த்து இன்னும் நாலு தமிழ் வழிப் பிள்ளைகள் எழுதிக்கொண்டு போனார்களாம்.

நூலகத்திலிருந்து அப்துல் கலாம் அய்யாவின் 'அக்னிச் சிறகுகள்' கொண்டுவந்து, கூட்டம் முடிந்ததும் எங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக் காட்டினாள். கலாம் அய்யா திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இவளை மாதிரியே இயற்பியல் படித்தவர். பிறகு நம் தாம்பரத்துக்கு அந்தாண்டை, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் சேர இடம் கிடைத்தது. பணம் கட்ட ஆயிரம் ரூபாய் போல வேண்டும். அப்பாவிடம் அவ்வளவு இல்லை. அக்கா ஜொஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். ராக்கெட் விட்டவர் பேரை உலகமே சொல்கிறது, அந்த வளையலைக் கழற்றிய கை நம் கை மாதிரி ஒரு கைதான்.

அங்கே படிக்கும்போது கலாம் அய்யாவுக்கும் ஒரு மோசமான நாள் வந்தது. நண்பர்களோடு சேர்ந்து ஒரு விமானத்துக்கு வடிவமைப்புச் செய்ய வேண்டும். அவர் செய்த வேலையைப் பார்த்த பேராசிரியர் சீனிவாசன், ரொம்ப மோசம் என்று சொல்லிவிட்டார். ஒரு மாதம் அவகாசம் கேட்டால், மூன்று நாள்தான், முடிக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்றார். ராத்திரி சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்து முடித்தார். அந்தப் பேராசிரியரே வந்து தட்டிக்கொடுத்தார். அந்த மூன்று நாளைக்கு அவர் வீட்டில் யாராவது தண்ணீர் பிடிக்கச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால்? எங்கள் குழுவில் இப்படித்தான் பேசிக்கொண்டோம்.

அதே எம்.ஐ.டி.யில் 1980-ல் படித்து முடித்தவர் இஸ்ரோ தலைவராக இருந்த சிவன் அய்யா. கன்னியாகுமரி மாவட்டத்து விவசாயி மகன். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர், அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி. நம் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்ல இன்னொரு பேரும் இருக்கிறது. சூரியனை ஆராய 2023 செப்டம்பர் 2-ல் ஆதித்யா விண்கலத்தை அனுப்பினார்களே, அந்தத் திட்டத்தின் இயக்குநர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி அம்மா. திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்தவர்.

பெயிலானவர் கதை வேண்டுமென்றால் கணித மேதை ராமானுஜன் இருக்கிறார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர். கணக்கிலேயே மூழ்கி மற்ற பாடங்களில் தவறியதால் அந்த உதவித்தொகை போச்சு. பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் தேறவில்லை. பட்டமே வாங்காமல் அலைந்தவரை அடையாளம் கண்டு நாலு பேர் கை கொடுத்ததால்தான் 1914-ல் இங்கிலாந்து போனார். நம் பிள்ளைகள் எல்லோரும் ராமானுஜன் இல்லை. ஆனால் அந்த நாலு பேர் நாமாக இருக்க முடியும்.

பிறகு என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். சினிமா மாதிரி அடுத்த பரீட்சையிலேயே முதல் மார்க் வாங்கவில்லை. இரண்டாவது செமஸ்டரோடு அரியரையும் எழுதினாள். கணக்கு தேறியது, நாற்பத்துமூன்று மார்க், சி. அந்த சி-க்கு நாங்கள் கேசரி செய்து சாப்பிட்டோம். இயற்பியல் மறுபடி போச்சு, இந்த முறை இரண்டே மார்க்கில். அம்மா திரும்பவும் கலங்கிப் போனார். "ஆறு மார்க் குறைஞ்சது ரெண்டு மார்க்கா ஆயிருக்கு, ஏறுதா எறங்குதா?" என்று ஆயா கேட்டார். மூன்றாவது முறை தேறினாள். 2025-ல் எல்லாத் தாளும் முடித்து, மொத்தத்தில் அறுபத்தொரு சதவீதம். இப்போது ஒரு கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவில் பயிற்சிக்குப் போகிறாள். பாகங்களை அளந்து பார்க்கிற வேலை. அம்மா ஏற்றிவிடப் பார்த்த அதே சாலையில்தான், கம்பெனி பஸ்ஸில்தான் போகிறாள். கையில் பட்டம் இருக்கிறது. மேலே எம்.எஸ்சி. படிக்க வேண்டும் என்கிறாள். உள்கடன் பத்தாயிரமும் அடைபட்டது.

கை தட்டாதீர்கள் சகோதரிகளே, இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இதற்கு முன்னால் எங்கள் குழுவிலேயே இரண்டு பிள்ளைகள் இப்படி மார்க் ஷீட்டோடு நின்றார்கள். ஒருத்தி முதல் வருஷத்திலேயே நின்றுவிட்டாள். இன்னொருத்தி மூன்று வருஷமும் படித்து, இரண்டு தாள் பாக்கியோடு கல்யாணம் ஆகிப் போய்விட்டாள். "படிப்பு வரல" என்று அவர்கள் வீட்டில் சொன்னார்கள், நாங்களும் சரி என்று கேட்டுக்கொண்டோம். ஆயா கேட்ட கேள்வியை அவர்களுக்காக யாரும் கேட்கவில்லை. இந்தப் பிள்ளை தேறிய அன்றைக்கு அந்த இரண்டு பேர் ஞாபகம்தான் எங்களுக்கு வந்தது. அதில் ஒருத்தி தன் இரண்டு தாளை இனி எழுத முடியுமா என்று கல்லூரியில் விசாரிக்க, போன மாதம் எங்களில் இரண்டு பேர் அவளோடு போய்வந்தோம். என்ன ஆகிறது என்று அடுத்த பொதுக்குழுவில் சொல்கிறோம்.

கடைசியாக, உங்கள் குழுவில் கல்லூரியில் படிக்கிற பிள்ளை இருந்தால் மார்க் ஷீட் வந்த வாரம் இதைச் செய்யுங்கள்.

1. திட்டுவதற்கு முன்னால் பிள்ளையையே வரி வரியாகப் படிக்கச் சொல்லுங்கள். எந்த எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று கேளுங்கள்.

2. உள்மதிப்பெண் எவ்வளவு, பரீட்சை மார்க் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். எத்தனை மார்க்கில் போச்சு என்று பாருங்கள்.

3. மறுமதிப்பீடு செய்ய வேண்டுமானால் கடைசித் தேதி என்ன என்று அன்றைக்கே விசாரியுங்கள். தேதி தாண்டினால் ஒன்றும் செய்ய முடியாது.

4. வருகை எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். நூற்றுக்கு எழுபத்தைந்து குறையாமல் வேண்டும். குறைந்திருந்தால், எந்த பீரியட், ஏன் என்று கேளுங்கள். பதில் நம் வீட்டு வேலையில் இருக்கலாம்.

5. வகுப்பில் சொல்வது புரிகிறதா என்று கேளுங்கள். புரியவில்லை என்றால் தமிழ்ப் பேர், ஆங்கிலப் பேர் நோட்டு ஒன்று போடச் சொல்லுங்கள். பள்ளிக்கூடப் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

6. அரியர் கட்டணம் கட்டக் கையில் காசு இல்லை என்றால் குழுவில் கேளுங்கள். வளைகாப்புக்குக் கடன் கொடுக்கிறோம், இதற்குக் கொடுக்க மாட்டோமா?

நமக்குப் படிப்பு இல்லை, நமக்கு என்ன தெரியும் என்று ஒதுங்காதீர்கள். எங்கள் பன்னிரண்டு பேரில் கல்லூரி பார்த்தவர் யாரும் இல்லை. ஆனால் பேரேடு பார்க்கத் தெரியும். எங்கே குறைகிறது என்று கேட்கத் தெரியும். குறைந்ததை மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி முடிக்கலாம் என்று நம்மை விட யாருக்குத் தெரியும்? மார்க் ஷீட்டும் ஒரு பேரேடுதான் சகோதரிகளே.